வயலின் வண்டுக்கு அந்த வடிவம் எப்படி வந்தது?

மோர்மோலிசி வண்டின் படத்தை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் அதை ஒரு வண்டு என்றே ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள். பெரியவை பத்து சென்டிமீட்டர் வரை நீளும். தலை நீண்டு மெலிந்திருக்கும். அதற்குப் பின்னால் குறுகிய கழுத்துப் பகுதி. அதற்கும் பின்னால், பழுப்பு நிறத்தில் இரண்டு பக்கமும் அகலமாக விரிந்த மெல்லிய தகடு. மேலிருந்து பார்த்தால் வயலின் ஒன்றைக் கீழே வைத்ததுபோல் இருப்பதால் வயலின் வண்டு என்ற பெயர் ஏற்பட்டது. படத்தை மேலிருந்து எடுத்தவர் பக்கவாட்டிலிருந்தும் ஒன்று எடுத்திருந்தால் அதையும் பாருங்கள். அங்கே வண்டே இருக்காது, ஒரு கோடுதான் இருக்கும். என்னைப் பொறுத்தவரை இந்த வண்டைப் புரிந்துகொள்ள வேண்டியது அந்தப் பக்கவாட்டுப் படத்திலிருந்துதான். வயலின் பிறகு வரட்டும்.

இந்த வண்டு நம் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் கிடையாது. தாய்லாந்தின் தென்பகுதி, மலேசியா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ ஆகிய இடங்களின் மழைக்காடுகள்தான் இதன் ஊர். ஆனால் இது குடியிருக்கும் வீடு எதுவென்றால், இறந்த மரத்தில் அடுக்கடுக்காக முளைக்கும் கெட்டிக் காளான். அந்த வகை வீடு ஏற்காட்டில் நிறையவே உண்டு. காபித் தோட்டத்தில் நிழலுக்கு நின்று காய்ந்துபோன சில்வர் ஓக் மரத்திலும், வெட்டிப்போட்டு இரண்டு மழை கண்ட பலா மரக் கட்டையிலும் அரைவட்டத் தட்டுகளாக நீட்டிக்கொண்டிருக்கும் காளானைப் பார்த்திருப்பீர்கள். மலைக்குக் கீழே தென்னை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கூட்டம் இன்னும் நன்றாகத் தெரியும். தஞ்சாவூர் வாடல் நோய் வந்த மரத்தின் அடியில் பழுப்பாகப் பளபளத்துக்கொண்டு முளைக்கும் கானோடெர்மா இந்த வகைக் காளான்தான். வண்டு அங்கே இருந்தாலும் அதன் வடிவத்துக்கான கேள்வியை இங்கிருந்தே கேட்க முடியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் குடும்பம்

வண்டு என்ற சொல்லை நாம் பொன்வண்டு முதல் காண்டாமிருக வண்டு வரை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறோம். அறிவியலில் இவை எல்லாவற்றுக்கும் பொதுவான அடையாளம் முன்சிறகு. முதல் இணைச் சிறகுகள் பறப்பதற்கான வேலையை விட்டுவிட்டு, கெட்டிப்பட்டு, பின்சிறகையும் வயிற்றையும் மூடும் ஓடாக மாறிவிட்டன. முதுகின் நடுவில் நேர்கோடாக ஒரு பிளவு தெரிகிறதே, இரண்டு ஓடுகளும் சந்திக்கும் இடம் அது. வயலின் வண்டின் முதுகில் விரிந்திருக்கும் அகலத் தகடும் இந்த முன்சிறகுதான். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பெருங்கூட்டத்துக்குள் ஒரு குடும்பம் தரை வண்டுகள். உலகம் முழுவதும் சுமார் 40,000 இனங்கள் இதில் அடங்கும். நீண்ட மெல்லிய கால்கள், நூல்போன்ற உணர்கொம்புகள், முன்நோக்கி நீட்டிய வலுவான தாடைகள் ஆகியவை இவற்றின் பொது உருவம். பெரும்பாலானவை இரவில் வெளியே வந்து புழு, பூச்சி, நத்தை என்று வேட்டையாடுபவை. பகலில் கல்லுக்கு அடியிலும் சருகுக்கு அடியிலும் ஒளிந்திருக்கும். வயிற்றின் பின்முனையில் ஓர் இணைச் சுரப்பிகள் இருக்கும். ஆபத்து வந்தால் அவற்றிலிருந்து எரிச்சலூட்டும் திரவத்தை விடும்.

காபி பயிரிடும் வீடுகளில் வண்டு என்றதும் எழும் வெறுப்பு நியாயமானதுதான். அராபிகா செடியின் தண்டுக்குள் புகுந்து உள்ளிருந்து அரித்துச் செடியையே சாய்த்துவிடும் வெள்ளைத் தண்டுத் துளைப்பானும் ஒரு வண்டுதான். ஆனால் அது நீண்ட கொம்புள்ள வேறொரு குடும்பம், அதன் உணவு மரம். தரை வண்டுகளில் பெரும்பாலானவற்றின் உணவு மற்ற பூச்சிகள். தோட்டத்தில் ஒரு கறுப்பு வண்டு ஓடினால் காலால் நசுக்குவதற்கு முன்னால் அது எந்தக் குடும்பம் என்று பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

தரை வண்டுகள் என்ற குடும்பத்துக்குள் நெருங்கிய உறவுள்ள இனங்களைச் சேர்த்து ஒரு பேரினமாகத் தொகுக்கிறார்கள். நம் வயலின் வண்டுகளின் பேரினம் மோர்மோலிசி. 1825-ல் ஹாகன்பாக் என்ற ஆய்வாளர், ஜாவாவிலிருந்து வந்த வண்டை வைத்து இந்தப் பேரினத்தை நிறுவினார். அந்த முதல் இனம் மோர்மோலிசி ஃபில்லோடெஸ். பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்ந்தும் இன்றுவரை இந்தப் பேரினத்தின் இனங்கள் ஒரு கை விரல்களைச் சற்றே தாண்டுகின்றன, அவ்வளவுதான். கடைசியாக ஒன்று 2013-ல் விவரிக்கப்பட்டது. இந்தியத் தரை வண்டுகளைப் பற்றி 1929-லும் 1935-லும் இரண்டு பெரிய தொகுதிகள் எழுதிய ஆண்ட்ரூஸ்தான் 1941-ல் மோர்மோலிசி டிரைடென்ஸ் என்ற இனத்துக்கும் பெயர் வைத்தார். இந்தியாவில் யாராவது தரை வண்டு ஒன்றை அடையாளம் காண முயன்றால் இன்றும் அவருடைய அந்தத் தொகுதிகளைப் புரட்டாமல் முடியாது.

இடுக்கில் நுழைய இரண்டு வழிகள்

தரை வண்டுகளின் வாழ்க்கையை ஒரே சொல்லில் சொல்லச் சொன்னால் நான் இடுக்கு என்பேன். வெட்டவெளியில் ஓடும்போதுதான் அவை நம் கண்ணில் படுகின்றன என்றாலும், அவற்றின் பகல் முழுவதும் ஏதோ ஒன்றுக்கு அடியில், ஏதோ இரண்டுக்கு நடுவில் கழிகிறது. கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவில், சருகுக்கும் சருகுக்கும் நடுவில், மரப்பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில். ஈரம் அங்கேதான் தங்குகிறது. இரையும் அங்கேதான் ஒளிகிறது. பறவைக்கும் பல்லிக்கும் அலகோ வாயோ எட்டாத இடமும் அதுதான்.

இடுக்கில் நுழைய ஓர் உயிருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இடுக்கைப் பெரிதாக்குவது. இன்னொன்று, தன்னை ஒல்லியாக்கிக்கொள்வது.

சாதாரணத் தரை வண்டு முதல் வழியில் கெட்டிக்காரன். அதைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தால், பின்கால் உடலோடு சேரும் இடத்தில் அவரை விதை வடிவத்தில் ஒரு தடித்த துண்டு துருத்திக்கொண்டிருக்கும். அதை இயக்கும் தசை மிக வலுவானது. தலையை இடுக்கில் ஆப்புபோலச் செருகி, பின்கால்களை ஊன்றித் தள்ளினால், உடல் முன்னால் போவதோடு மேல்நோக்கியும் நெம்பும். மேலே இருக்கும் சருகும் மண்ணும் சற்று எழும்பும், வண்டு அந்த நொடியில் உள்ளே போய்விடும். கையில் பிடித்த தரை வண்டு விரலிடுக்கில் நெளிந்து நழுவுவதும் இந்த நெம்பும் விசையால்தான். அந்த வலிமையைக் கையில் உணர்ந்தவர்கள் அவ்வளவு சிறிய உடலில் இத்தனை பலமா என்று வியப்பார்கள்.

ஆனால் இந்த வித்தை நெகிழ்ந்து கொடுக்கும் பொருளிடம்தான் பலிக்கும். சருகு எழும்பும், ஈர மண் விலகும். மரத்தில் முளைத்த கெட்டிக் காளான் எழும்பாது. அதை உடைக்கக் கத்தி வேண்டும். சமையலறையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து அடுக்கிய தட்டுகளுக்கு நடுவே எவ்வளவு இடம் இருக்குமோ அவ்வளவுதான் காளான் அடுக்குகளுக்கு நடுவிலும் இருக்கும். எவ்வளவு நெம்பினாலும் அந்த இடம் ஒரு மயிரிழைகூட அதிகரிக்காது. அங்கே குடியேற விரும்பும் வண்டுக்கு இரண்டாவது வழிதான் மிச்சம்.

மோர்மோலிசி அந்த வழியில் போன வண்டு. உடல் மேலிருந்து கீழாக நசுங்கித் தட்டையாகிவிட்டது. தட்டையாகும் உடல் உள்ளுறுப்புகளை எங்கே வைத்துக்கொள்ளும்? நீளத்தில் வைத்துக்கொள்ளும். அதனால்தான் தலையும் மார்பும் அப்படி நீண்டுபோயின. நீண்ட தலைக்கு இன்னொரு பயனும் உண்டு. உடல் முழுவதும் நுழைய முடியாத ஆழத்தில் ஒரு புழு ஒளிந்திருந்தால், தலையையும் மார்பையும் மட்டும் உள்ளே செலுத்தித் தாடையால் எட்டிப் பிடிக்கலாம். கால்கள் உடலுக்கு அடியில் நிற்காமல் பக்கவாட்டில் பரவியிருக்கும். அடியில் நின்றால் உடல் உயர்ந்துவிடும், உயரம்தான் இங்கே கட்டுப்படியாகாத செலவு. உணர்கொம்புகள் மிக நீளம். வெளிச்சமில்லாத இடத்தில் முன்னால் என்ன இருக்கிறது என்று தடவிப் பார்ப்பது அவற்றின் வேலை.

இதுவரை விளங்கியது மெலிவு. அகலம் இன்னும் விளங்கவில்லை. இந்த இடத்தில் பலர் அவசரப்பட்டு எல்லாவற்றையும் இடுக்கின் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள், அது எனக்கு உடன்பாடில்லை. இடுக்கில் நுழைவதற்கு மட்டும் என்றால் ஒல்லியாக இருந்தால் போதும், இரண்டு பக்கமும் தகடு விரிய வேண்டிய அவசியமே இல்லை. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்த வயலின் வண்டின் படத்தைப் பார்த்தால் இது தெளிவாகும். வயிறு நடுவில் சிறியதாக, கருமையாகத் தெரியும். அதைச் சுற்றியுள்ள அகலப் பகுதிக்குள் ஒன்றுமே கிடையாது. ஒளி ஊடுருவும் வெறும் விளிம்பு அது. முன்சிறகின் ஓரம் மட்டும் தேவைக்கு மேல் வளர்ந்து நீண்டிருக்கிறது.

அந்த விளிம்பு வேலை செய்வது இடுக்குக்கு வெளியில். வண்டு மரத்தண்டின்மீது நடமாடும்போது, ஒளிந்திருக்கும் எந்த உயிரையும் காட்டிக்கொடுப்பது நிறத்தைவிட நிழல்தான். பட்டையின் நிறத்தில் இருந்தாலும், பருத்த உடலுக்கு அடியில் ஒரு கருநிழல் விழும். பறவையின் கண் அந்த நிழலின் விளிம்பைப் பிடித்துவிடும். உடலின் ஓரம் படிப்படியாக மெலிந்து மரத்தோடு ஒட்டினால் நிழல் விழ இடமே இல்லை. தென்கிழக்கு ஆசியக் காடுகளில் மரப்பட்டையோடு ஒட்டிக் கிடக்கும் பறக்கும் பல்லிகளின் உடலோரத் தோல் மடிப்பும் இதே வேலையைச் செய்கிறது. நம் ஊர் மரங்களில் பட்டை நிறத்தில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, கை நீட்டினால் மறுபக்கத்துக்கு ஓடிவிடும் பட்டைக் கும்பிடுபூச்சியும் உடலை மரத்தோடு ஒட்டவைத்தே தப்பிக்கிறது. வயலின் வண்டுக்குக் கூடுதலாக ஒன்று கிடைக்கிறது. பழுப்பு நிறமும் இலை வடிவமும் சேர்ந்து, மழைக்காட்டுத் தரையில் எங்கும் கிடக்கும் காய்ந்த இலைகளில் ஒன்றாக அதை மாற்றிவிடுகின்றன. பின்முனையில் இரண்டு தகடுகளுக்கும் நடுவே ஒரு வெட்டு இருக்கும். வயிற்றின் நுனி அங்கே திறந்திருப்பதால், தரை வண்டுகளுக்கே உரிய எரிச்சல் திரவத்தைத் தேவைப்படும்போது விட இந்த வண்டுக்கும் தடையில்லை.

காளானுக்குள் ஒரு பிள்ளைப்பருவம்

வண்டுகள் முட்டை, இளம்புழு, கூட்டுப்புழு, முதிர்ந்த வண்டு என்று நான்கு நிலைகளில் வளர்பவை. இதில் நாம் படத்தில் பார்ப்பது கடைசி நிலையை மட்டுமே. வயலின் வண்டின் வாழ்நாளில் பெரும்பகுதி கழிவது காளானின் சதைக்கு உள்ளே. இளம்புழு காளானுக்குள் ஒரு குழியில் தங்கி, அங்கே வந்துபோகும் பூச்சிகளைப் பிடித்துத் தின்கிறது. இந்த நிலை எட்டு ஒன்பது மாதங்கள் நீடிக்கும். அதன்பிறகு அதே இடத்தில் கூட்டுப்புழுவாகி எட்டு முதல் பத்து வாரங்கள் கிடந்து, பிறகு வண்டாக வெளியே வருகிறது.

இதிலிருந்து ஒன்று விளங்கும். காளான் இந்த வண்டுக்கு உணவு அல்ல. காளானைத் தின்ன வருகிற ஈப் புழுக்களும் சிறு வண்டுகளின் புழுக்களும்தான் உணவு. காளான் ஒரு சந்தை, வயலின் வண்டு அங்கே காத்திருக்கும் வேட்டைக்காரன். ஒரு காளான் ஏறக்குறைய ஓராண்டுக்கு உதிராமல் நிற்க வேண்டும், அதுவரை அந்த மரத்தை யாரும் அகற்றாமல் இருக்க வேண்டும். இரண்டு நாளில் கரைந்துபோகும் குடைக்காளான் இதற்கு உதவாது. பெரிய, முதிர்ந்த, மெதுவாக மக்கும் மரம் வேண்டும். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் பழங்காடு எண்ணெய்ப் பனைத் தோட்டமாக மாறும் இடங்களில் இந்த வண்டு ஏன் நிற்க முடிவதில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. நூறு ஆண்டுகள் வளர்ந்து விழுந்து மக்கும் மரத்துக்கு எண்ணெய்ப் பனை ஈடாகாது.

இன்னொரு பக்கம், இதன் அழகே இதற்கு வினையாகியிருக்கிறது. கண்ணாடிச் சட்டத்துக்குள் குத்தி வைத்து விற்கும் வணிகத்தில் வயலின் வண்டு உலகெங்கும் விலைபோகிறது. இணையத்தில் அப்படி விற்கப்படும் ஒன்றைப் பார்த்து ஆசைப்படும் இளைஞர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, வாங்காதீர்கள் என்பதுதான். ஆணியில் குத்திய வண்டு தன் வடிவத்தின் காரணத்தைக் காட்டுவதில்லை, அதற்குக் காளானும் மரமும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வேறு வீடு, வேறு வடிவம்

வயலின் வண்டு ஏதோ தனி அதிசயம் என்று எண்ணிவிடக் கூடாது. தரை வண்டுகளின் குடும்பத்தில் வீட்டுக்கு ஏற்றபடி உடல் மாறிய கதைகள் பல உண்டு. அவற்றில் சிலவற்றின் நாயகர்கள் தென்னிந்தியாவில் வாழ்பவர்கள்.

ஸ்காரைட்டிஸ் என்ற பேரினத்தின் வீடு மண்ணுக்குள் தோண்டிய வளை. இதன் உடல் உருளையாக நீண்டிருக்கும். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இடுப்பு சட்டென்று ஒடுங்கியிருக்கும். வளைக்குள் திரும்பவும் வளையவும் அந்த ஒடுங்கிய இடுப்பு உதவுகிறது. முன்கால்கள் அகன்று, ஓரத்தில் பற்கள்போல் முனைகள் கொண்டு, மண் தோண்டும் கருவிகளாகிவிட்டன. உழுத நிலத்தில் கட்டியைப் புரட்டும்போது பளபளப்பான கறுப்பு வண்டு ஒன்று பெரிய தாடையைத் திறந்து நிமிர்ந்து நின்றால், அது பெரும்பாலும் இந்தக் கூட்டம்தான்.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது பௌசஸ். உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் இதை 1775-லேயே விவரித்துவிட்டார். இதன் வீடு எறும்புப் புற்று. எறும்புகளின் நடுவே வாழும் இந்தச் சிறு வண்டின் உணர்கொம்புகள் மற்றத் தரை வண்டுகளுக்கு இருப்பதுபோல் நூலாக இருப்பதில்லை. பருத்து, உப்பி, கரண்டியாகவும் கிண்ணமாகவும் உருமாறியிருக்கும். அவற்றிலும் உடலின் வேறு சில இடங்களிலும் சுரக்கும் பொருளை எறும்புகள் நக்குகின்றன. தங்களோடு ஒரு வேட்டைக்காரன் குடியிருக்கிறான் என்பது அவற்றுக்குத் தெரிவதில்லை. பௌசஸ் அந்தப் புற்றிலேயே எறும்புகளையும் அவற்றின் புழுக்களையும் தாடையால் துளைத்து உறிஞ்சி வாழ்கிறது. பெரும்பாலும் பெய்டோல் என்ற சிற்றெறும்புப் பேரினத்தின் புற்றுகளில் இதைத் தேட வேண்டும். இந்தப் பேரினத்துக்கு இந்தியாவிலும் இனங்கள் உண்டு. உணர்கொம்பு என்பது தடவிப் பார்க்கும் கருவி என்று மேலே சொன்னேன். இங்கே அதே உறுப்பு விருந்து வைக்கும் பாத்திரமாகிவிட்டது. வயலின் வண்டில் முன்சிறகின் ஓரம் நிழலை அழிக்கும் விளிம்பானதும் இதே வகை மாற்றம்தான். புதிதாக ஓர் உறுப்பு முளைக்கவில்லை. இருந்த உறுப்பு வீட்டின் தேவைக்கேற்ப இழுபட்டிருக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வயலின் என்ற பெயரை வைத்துக்கொண்டு தேடினால் தென்னிந்தியாவில் உண்மையாகவே வாழும் ஒரு பூச்சி வந்து நிற்கும். அது கோங்கிலஸ் என்ற கும்பிடுபூச்சி. நீண்ட ஒல்லிக் கழுத்தும், நுனியில் தகடாக அகன்ற மார்பும் கொண்டு, காய்ந்த குச்சியும் சருகும்போல் செடியில் தொங்கும். அதையும் வயலின் பூச்சி என்கிறார்கள். அது வண்டே அல்ல. ஓடுபோன்ற முன்சிறகு கிடையாது, நான்கு நிலை வளர்ச்சியும் கிடையாது. பெயர் ஒன்றானதால் இரண்டையும் ஒன்றாக்கிப் பகிரப்படும் பதிவுகளை நம்ப வேண்டாம்.

சேர்வராயனில் எங்கே தேடுவது

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டை அடைவதற்குள் முட்புதர்க் காடும் இலையுதிர் காடும் கடந்து, 1,500 மீட்டர் உயரத்தில் குளிர்ந்த காபித் தோட்டங்களுக்கு வந்துவிடுகிறோம். ஒவ்வொரு உயரத்திலும் தரை வண்டுகளின் இடுக்கு வேறு.

அடிவாரத்தின் வறண்ட புதர்க்காட்டில் கல்லும் புல்லும்தான் இடுக்கு. தமிழ்நாட்டின் இத்தகைய காடுகளில் வாழும் ஆறுபுள்ளித் தரை வண்டை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் நீளம், கரிய உடல், அதில் ஆறு வெள்ளைப் புள்ளிகள். பறக்காது. அதற்குப் பதில் நீண்ட கால்களால் வேகமாக ஓடும். அந்த வெள்ளைப் புள்ளிகள் ஒளிந்துகொள்வதற்கானவை அல்ல, எச்சரிப்பதற்கானவை. பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனால் கண்ணில் அமிலத்தைப் பீய்ச்சிவிடும். குழந்தைகளுக்கு இதைக் காட்டும்போது இரண்டடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

வயலோரத்திலும் ஓடைக்கரையிலும் ஈரக் கல்லுக்கு அடியில் குண்டுபோடும் வண்டுகள் இருக்கும். மஞ்சளும் கறுப்புமான பெரோப்சோபஸ் பேரினம் நம் பகுதிக்கு உரியது. இவற்றின் பின்முனைச் சுரப்பியில் ஹைட்ரோகுயினோனும் ஹைட்ரஜன் பெராக்சைடும் தனி அறையில் இருக்கின்றன. ஆபத்து வரும்போது அடுத்த அறைக்குள் பாய்ந்து, அங்குள்ள நொதிகளோடு சேர்ந்து, கொதிநீரின் வெப்பத்தில், பட்டென்ற ஓசையோடு வெளியே சீறும். விரலில் பட்டால் பழுப்புக் கறை சில நாட்களுக்குப் போகாது. இந்தப் பேரினத்தின் சில இனங்களின் இளம்புழுக்கள் பிள்ளைப்பூச்சியின் முட்டைகளைத் தின்றே வளர்கின்றன என்பதை விவசாயிகள் அறிந்திருப்பது நல்லது.

மேலே தோட்டங்களுக்கு வந்தால்தான் வயலின் வண்டின் கேள்வி நேரடியாக எழுகிறது. 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்திலிருந்து இந்த மலையில் காபி வளர்கிறது, காபிக்கு நிழலாக மரங்களும் வளர்கின்றன. பட்டைக்கு அடியில் இருக்கும் இடுக்கை இங்குள்ள தோட்டத் தொழிலாளர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. தண்டுத் துளைப்பான் காபித் தண்டின் பட்டை வெடிப்பில் முட்டையிடும் என்பதால், உதிரும் பட்டையைத் தேங்காய் நாரால் தேய்த்து எடுப்பது அவர்களுடைய வழக்கமான வேலை. பட்டை வழவழப்பாகிவிட்டால் பூச்சிக்கு இடுக்கு இல்லை. வயலின் வண்டின் பாடத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து அவர்கள் செய்துகாட்டுகிறார்கள்.

காபிச் செடியில் அந்த வேலை நடக்கட்டும், நடந்தாக வேண்டும். ஆனால் தோட்டத்து மூலையில் விழுந்து கிடக்கும் நிழல்மரக் கட்டை அப்படியே கிடக்கட்டும். தண்டுத் துளைப்பான் வருவது காபிச் செடிக்கு, மக்கிய சில்வர் ஓக் கட்டைக்கு அல்ல. அந்தக் கட்டையின் பட்டை தளர்ந்திருக்கும் இடத்திலும் காளான் அடுக்கிலும் தட்டையான உடல் கொண்ட தரை வண்டுகளைத் தேடலாம். இந்தியா உள்ளிட்ட ஆசிய வெப்பமண்டலக் காடுகளில் விழுந்த மரங்களின்மேல் வாழும் கட்டாஸ்கோபஸ் என்ற பேரினம் இருக்கிறது. உலோகப் பச்சையாகவும் நீலமாகவும் மின்னும் இந்தத் தட்டை வண்டு, மோர்மோலிசி போன பாதையில் பாதி தூரம் போன உடல் எப்படி இருக்கும் என்று பார்க்க நல்ல உதாரணம். மெலிவு இருக்கிறது, விளிம்பு விரியவில்லை. மரங்களை வெட்டாமல் விட்டுவைத்திருக்கும் மலைக்கிராமக் கோயில் காடுகளிலும் இத்தகைய பழைய கட்டைகள் உண்டு. அங்கே போவதானால் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள், செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றிவிடுங்கள், எதையும் புரட்டாமல் கண்ணால் மட்டும் பாருங்கள்.

தோட்டத்திலும் சாலையோரத்திலும் தேடும்போது கல்லையோ கட்டையையோ உங்கள் பக்கமாகப் புரட்டாமல், எதிர்ப்பக்கம் உயரும்படி தூக்குங்கள். தேளோ பாம்போ இருந்தால் அது உங்களைவிட்டு விலகி ஓட வழி கிடைக்கும். பார்த்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே பழையபடி வைத்துவிடுங்கள். தளர்ந்த பட்டையை உரித்து எறியாதீர்கள். ஓரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தாலே பெரும்பாலும் போதும். மழைவிட்ட இரவில் தேடினால், நீங்கள் இடுக்குக்குள் போக வேண்டியதில்லை, அவையே வெளியே வந்திருக்கும்.

கண்ட வண்டு தரை வண்டுதானா என்று உறுதிசெய்யச் சில அடையாளங்கள் உதவும். வீட்டுச் சுவரோரம் மெதுவாக ஊரும் கறுப்பு வண்டுகள் பல வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் உணர்கொம்பு மணி கோத்ததுபோல் இருக்கும், பின்காலின் பாதத்தில் நான்கு கணுக்கள்தான் இருக்கும். தரை வண்டின் பாதங்கள் ஆறிலும் ஐந்தைந்து கணுக்கள், உணர்கொம்பு நூல்போல் பதினொரு கணுக்கள். படம் எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பதிவிட்டால் அடையாளம் காண உதவுபவர்கள் அங்கே இருக்கிறார்கள். மூன்று கோணங்களில் எடுங்கள். மேலிருந்து எடுத்த படம் இனத்தைச் சொல்லும், தலைக்கு நேரே எடுத்தது தாடையையும் கொம்பையும் காட்டும். மூன்றாவதாக, தரையோடு தரையாகக் கேமராவை வைத்து, பக்கவாட்டிலிருந்து ஒன்று எடுங்கள். அந்த வண்டு நெம்பி நுழையும் வகையா, மெலிந்து நுழையும் வகையா என்பது அந்தப் படத்தில்தான் தெரியும்.